வேலியே இல்லாத திடல்கள்: இங்கிலாந்தின் கிராமத்துக் குதிரைப் பந்தயக் களங்கள் எங்கே போயின?

இங்கிலாந்தின் பழைய நிலப்படங்களைப் புரட்டுகிறவர்களை ஒரு விஷயம் குழப்பும். நாலைந்து வீடும் ஒரு தேவாலயமும் மட்டுமே உள்ள ஊர். அதை ஒட்டிய மேட்டுவெளியில் முட்டை வடிவில் இரட்டைப் புள்ளிக்கோடு, பக்கத்தில் 'ரேஸ் கோர்ஸ்' என்ற எழுத்து. இன்றைய படத்தில் அதே இடம் வெறும் கோதுமை வயல். இவ்வளவு சின்ன ஊருக்குக் குதிரைப் பந்தயம் எப்படி வந்தது, வந்தது எப்படிச் சுவடில்லாமல் போனது?

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஆண்டுதோறும் பந்தயம் நடந்துவந்தது. இன்று பிரிட்டன் முழுவதும் சேர்த்தே சுமார் 60 திடல்கள்தான் இயங்குகின்றன. மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. அது பொருந்தாது. கூட்டம் அலைமோதிய காலத்திலேயே பல திடல்கள் மூடிவிட்டன. வேலி போடச் செலவில்லாததால்தான் ஒரு கிராமத்தால் பந்தயம் நடத்த முடிந்தது. அதே வேலி இல்லாததால்தான், சட்டமும் விதியும் செலவை ஏற்றிக்கொண்டே போனபோது, வந்த கூட்டத்திடம் நுழைவுக் காசு வாங்க வழியில்லாமல் போயிற்று. மற்ற காரணங்கள் எல்லாம் இதன் மேல்தான் வந்து அமர்கின்றன.

திடலில் என்னென்ன இருந்தன?

கிராமத்துத் திடலை யாரும் கட்டவில்லை, குறித்தார்கள். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமோ, பெரிய நிலக்கிழார் ஒருவரின் மேட்டுவெளியோ போதும். சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண், அதில் நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டு மந்தைகள் மேய்ந்து மேய்ந்து இறுகிய குட்டைப் புல். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். குதிரைக் குளம்புக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. தேவைப்பட்ட பொருட்கள் மிகக் குறைவு:

1. திருப்பக் கம்பங்கள். ஓடுபாதைக்கு இருபுறமும் தடுப்பு கிடையாது. வளைவுகளில் கம்பம் நட்டிருக்கும், குதிரை அதன் வெளிப்புறமாகச் சுற்றி வர வேண்டும். தவறான பக்கத்தில் புகுந்த குதிரை திரும்பிப் போய்க் கம்பத்தைச் சரியாகச் சுற்றாவிட்டால் தகுதி இழந்துவிடும். வேலியற்ற வெளியில் இந்தத் தகராறுதான் அடிக்கடி வந்தது.

2. வெற்றிக் கம்பம். நடுவர் இதற்கு நேர் எதிரே நிற்பார். கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்கியதும் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும்தான்.

3. தூரக் கம்பம். வெற்றிக் கம்பத்துக்கு 240 கெஜம், அதாவது சுமார் 219 மீட்டர், முன்னால் நிற்கும். இதன் வேலையைக் கீழே பார்ப்போம்.

4. தராசு. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டுநரும் குதிரை மேல் இருந்தபடியே தராசு வரை வர வேண்டும். வழியில் இறங்கினாலும், எடை குறைந்தாலும் ஓடியது கணக்கில் வராது. விதித்த எடையைச் சரிக்கட்டக் கட்டியிருந்த ஈயத்தை இடையில் கழற்றி எறிந்துவிட்டு வராமல் இருக்கத்தான் இந்தக் கண்டிப்பு.

5. தேய்ப்புக் கொட்டகை. ஓட்டங்களுக்கு நடுவே குதிரையின் வியர்வையை வழித்து, உடம்பைத் தேய்த்துச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் இடம். பல திடல்களில் நிரந்தரமாக நின்ற கட்டடம் இது ஒன்றுதான். கல்லால் கட்டிய பார்வையாளர் மாடம் யார்க் போன்ற பெரிய இடங்களுக்கே வாய்த்தது. கிராமத்தில் வசதியானவர்கள் தங்கள் வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள், மற்றவர்கள் மேட்டில் ஏறி நின்றார்கள்.

மூன்றே குதிரையில் ஒரு முழு மாலை

இன்றைய பந்தயத்தில் ஒரு பரிசுக்கு ஒரே ஓட்டம். அன்று ஒரு பரிசுக்குப் பல ஓட்டம். ஒவ்வொன்றையும் 'ஹீட்' என்றார்கள். ஒரு ஹீட் பெரும்பாலும் 4 மைல், அதாவது சுமார் 6.4 கிலோமீட்டர். இரண்டு ஹீட்டை வெல்லும் குதிரைக்கே பரிசு. இடைவெளி அரை மணி நேரம். முதல் மூன்று ஹீட்டையும் மூன்று வெவ்வேறு குதிரைகள் வென்றுவிட்டால், அந்த மூன்று மட்டும் நாலாவது முறை ஓடும். அப்படி நடந்தால் ஒரே மாலையில் 16 மைல், சுமார் 26 கிலோமீட்டர்.

தூரக் கம்பம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. முதல் குதிரை வெற்றிக் கம்பத்தைத் தொடும்போது எந்தக் குதிரை இன்னும் தூரக் கம்பத்தைத் தாண்டவில்லையோ, அது அடுத்த ஹீட்டில் இறங்க முடியாது. இதனால் ஒரு தந்திரம் பிறந்தது. முதல் ஹீட்டை வெல்ல முடியாது என்று தெரிந்த ஓட்டுநர் குதிரையை விரட்டவே மாட்டார். தூரக் கம்பத்தை நேரத்துக்குத் தாண்டும் அளவுக்கு மட்டும் ஓட்டி, மிச்சத் தெம்பை அடுத்த ஹீட்டுக்குச் சேர்த்துவைப்பார். அந்தக் கணக்கு பிசகினால் அத்தோடு ஆட்டம் முடிந்தது.

விதிகளில் இன்னொன்று இன்றைய வாசகருக்கு விநோதமாகப் படும். ஓட்டுநர் வழியில் விழுந்துவிட்டால், போதுமான எடையுள்ள வேறு ஒருவர் அந்தக் குதிரையில் ஏறி ஓட்டத்தை முடிக்கலாம். முதல் ஓட்டுநர் விழுந்த இடத்துக்கே திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தடுப்புகள் இல்லாத, ஊர்க்காரர்கள் ஓடுபாதை ஓரமே நிற்கும் திடலுக்கென்றே எழுதப்பட்ட விதி இது.

இந்த முறை சின்ன ஊர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மூன்று குதிரை வந்தாலே மாலை முழுக்க விறுவிறுப்பு. 'மூன்று குதிரைக்குக் குறைந்தால் ஓட்டம் இல்லை' என்ற வரி அன்றைய பந்தய அறிவிப்புகளில் வழக்கமாக இருக்கும். ஓடியவையும் பெரும்பாலும் 5, 6 வயது நிரம்பிய, வேட்டைக்கும் பயணத்துக்கும் பழகிய திடமான குதிரைகள். கரடுமுரடான தரை அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

எல்லாக் குதிரையும் ஒரே தரம் இல்லை என்பதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரு வகைப் பரிசில் குதிரையின் உயரத்தை அளந்து சுமையை முடிவு செய்வார்கள். 14 கை உயரத்துக்கு ஓர் எடை, ஒவ்வோர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் எடையும் அதற்கேற்ப மாறும். ஒரு கை என்பது 4 அங்குலம். இதனால் பக்கத்து ஊர் விவசாயியின் மட்டக்குதிரையும் நிலக்கிழாரின் உயர்ந்த குதிரையும் ஒரே களத்தில் இறங்க முடிந்தது.

காசு எங்கிருந்து வந்தது?

பார்வையாளரிடமிருந்து ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. திறந்த வெளியில் நாலு திசையிலிருந்தும் நடந்து வருகிறவர்களிடம் யார் நின்று கட்டணம் வாங்குவது? வருமானம் மூன்று வழிகளில் வந்தது: நிலக்கிழார்களும் ஊர் வணிகர்களும் தரும் சந்தா, மதுக்கடை, தின்பண்டக் கடை, சூதாட்டக் கூடாரம் ஆகியவற்றின் தரை வாடகை, குதிரை உரிமையாளர் கட்டும் நுழைவுத்தொகை.

சந்தா கொடுத்தவருக்குக் கைம்மாறு உண்டு. பந்தயக் குதிரைகள் சந்தா கட்டிய விடுதிக்காரரின் லாயத்தில்தான் தங்க வேண்டும், சந்தா கட்டிய கொல்லரிடம்தான் லாடம் அடிக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுவார்கள். சில நாட்களுக்கு முன்பே குதிரையைக் கொண்டுவந்து விடுதியில் பெயர் பதிய வேண்டும் என்றால், அத்தனை நாளும் தீவனம், தங்கல், சாப்பாடு எல்லாம் அந்த ஊரிலேயே செலவாகும். பரிசுக்குப் போன காசு இப்படி ஊருக்குள்ளேயே திரும்பியது. ஊரே சேர்ந்து நடத்திய இந்த ஏற்பாட்டை வெறும் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

முதல் அடி: 1740-ஆம் ஆண்டுச் சட்டம்

ஜான் செனி என்பவர் 1727 முதல் ஆண்டுதோறும் பந்தய முடிவுகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் இடம்பெறப் பரிசு 10 பவுண்டு இருந்தால் போதும். 13 ஆண்டு கழித்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் சாரம்:

1. எந்தப் பந்தயமாக இருந்தாலும் பரிசு 50 பவுண்டுக்குக் குறையக் கூடாது. மீறினால் 200 பவுண்டு அபராதம்.

2. 5 வயதுக் குதிரை 10 ஸ்டோன், 6 வயது 11 ஸ்டோன், 7 வயது 12 ஸ்டோன் சுமக்க வேண்டும். ஒரு ஸ்டோன் 14 ராத்தல், அதாவது 6.35 கிலோ. ஆக 63.5 கிலோ முதல் 76 கிலோ வரை.

3. ஒருவர் ஒரு பரிசுக்கு ஒரு குதிரையை மட்டுமே இறக்கலாம், அதுவும் அவருக்கே சொந்தமானதாக இருக்க வேண்டும்.

சின்னப் பரிசுகள் ஏழைகளைச் சோம்பேறிகளாக்கிக் கடனில் தள்ளுகின்றன, வலுவான குதிரை இனம் கெடுகிறது என்று முகவுரையில் காரணம் சொன்னார்கள். நியூமார்க்கெட்டுக்கும் யார்க்ஷயரின் பிளாக் ஹாம்பிள்டனுக்கும் மட்டும் பரிசு வரம்பில் விலக்கு. பெரிய மனிதர்கள் கூடும் இடங்களுக்குச் சலுகை, மற்ற ஊர்களுக்குத் தடை என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்.

50 பவுண்டு என்பது 1,000 ஷில்லிங். அன்றைய விவசாயக் கூலி நாளொன்றுக்கு சுமார் ஒரு ஷில்லிங். ஒரு கூலியாளின் மூன்று ஆண்டு உழைப்புக்கு மேற்பட்ட தொகையை ஒரே பரிசுக்குத் திரட்ட எந்தக் கிராமத்தால் முடியும்? வெள்ளிக் கோப்பையும் சேணமும் சவுக்கும் பரிசாக வைத்து நடத்திய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. எடை விதியை 1745-இலேயே விலக்கிக்கொண்டார்கள். ஆனால் 50 பவுண்டு வரம்பு ஒரு நூற்றாண்டு நீடித்து, 1840-இல்தான் முழுச் சட்டமும் ரத்தானது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை கடந்துவிட்டது. நின்றுபோன ஊர்ப் பழக்கத்தைச் சட்டம் நீங்கியதும் திரும்ப எழுப்பிவிட முடியாது.

காலுக்குக் கீழே நிலம் போனது

தப்பிப் பிழைத்த திடல்களுக்கு அடுத்த ஆபத்து நிலத்திலிருந்தே வந்தது. சுமார் 1750 முதல் 1850 வரை, ஊர்ப் பொது நிலங்களைப் பிரித்துத் தனியாருக்கு ஒதுக்கும் சட்டங்கள் ஊர் ஊராக நிறைவேறின. மேய்ச்சல் வெளி சதுரம் சதுரமாகி, நடுவே புதர்வேலியும் பள்ளமும் வந்தன. 4 மைல் ஓட்டத்துக்குக் குறைந்தது ஒன்றிரண்டு மைல் சுற்றளவு தேவை. அந்த வட்டத்தை ஒரே ஒரு வேலி வெட்டினாலும் திடல் செத்ததுதான். நெப்போலியனுடனான போர்க் காலத்தில் தானிய விலை ஏறியதும் மேட்டுப் புல்வெளிகளையும் உழத் தொடங்கினார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு: பழைய புல்தரையை ஒரு முறை உழுதுவிட்டால் போதும். மறுபடி புல் விதைத்தாலும் வேர்ப்பின்னல் பழைய இறுக்கத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஒரே நிலக்கிழாரின் கையில் இருந்த திடல்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு அவர் மனம் மாறினாலோ, வாரிசு வேறு மாதிரி ஆளாக இருந்தாலோ எல்லாம் முடிந்துவிடும்.

குதிரை மாறியது, பாதையும் மாறியது

செயின்ட் லெஜர் 1776-இல் தொடங்கியது, ஓக்ஸ் 1779-இல், டெர்பி 1780-இல். மூன்றும் 3 வயதுக் குதிரைகளுக்கான ஒற்றை ஓட்டங்கள். பிறகு 2 வயதுக் குட்டிகளையும் ஓட்டத் தொடங்கினார்கள். இளங்குதிரையின் எலும்பு முற்றியிருக்காது. அதற்குக் குழியில்லாத தரையும் நேர்ப்பாதையும் வேண்டும். குத்துச்சரிவும் கூர்வளைவும் உள்ள கிராமத்துச் சுற்று அதன் காலை முறித்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஹீட் முறை தேய்ந்து மறைந்தபோது, மூன்று குதிரையில் மாலையை நிரப்பும் வசதியும் கூடவே போயிற்று. ஒற்றை ஓட்டங்களால் நாளை நிரப்ப ஆறேழு பரிசு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குதிரைகள் வேண்டும்.

அதுவரை குதிரைகள் பந்தயத்துக்கு நடந்தே போயின. வழியில் உள்ள சின்னத் திடல்கள் அவற்றுக்கு இயல்பான தங்கல்கள். 1836-இல் எலிஸ் என்ற குதிரையைச் சக்கர வண்டியில் ஏற்றி, குட்வுட்டிலிருந்து டான்காஸ்டருக்குக் கொண்டுபோய் செயின்ட் லெஜரை வென்றார்கள். நடந்து வரக் கால அவகாசம் போதாது என்று நம்பிப் பந்தயம் கட்டியவர்கள் ஏமாந்தார்கள். 1840-களில் ரயில் வந்ததும் இது எல்லோருக்கும் கிடைத்த வசதியாயிற்று. நல்ல குதிரை உள்ளவர் இனி பக்கத்து ஊர்ப் பரிசுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பெரிய தொகை எங்கே இருக்கிறதோ அங்கே ஏற்றி அனுப்பிவிடலாம்.

1870-கள்: ஒரே பத்தாண்டில் மூன்று

1. கட்டண வேலி. 1875-இல் சாண்டவுன் பார்க், 1878-இல் கெம்ப்டன் பார்க். சுற்றிலும் வேலி அடைத்து, வாசலில் காசு வாங்கிய புதுவகைத் திடல்கள் இவை. வாசல் வசூலில் பரிசு பெருகியது, பரிசுக்கு நல்ல குதிரை வந்தது, குதிரையைப் பார்க்க இன்னும் கூட்டம் வந்தது. மந்தைவெளியில் நடக்கும் பந்தயத்தால் இந்தச் சக்கரத்துக்குள் நுழையவே முடியாது.

2. ஜாக்கி கிளப்பின் விதிகள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய, பந்தயத்துக்கு விதி வகுக்கும் இந்த அமைப்பின் அதிகாரம் முதலில் நியூமார்க்கெட் அளவில்தான். இப்போது நாடு முழுக்கப் பரவி, நாளொன்றுக்கு இவ்வளவு பரிசுத்தொகையாவது திடல் தர வேண்டும் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்தது. வரம்புக்கு வெளியே நடக்கும் அங்கீகாரமற்ற பந்தயத்தில் ஓடிய குதிரைக்கும் ஜாக்கிக்கும் அங்கீகரித்த திடல்களில் இடம் இல்லை. சட்டத்தால் 1840-இல் நீங்கிய தடை, சங்க விதியாகத் திரும்பி வந்தது. சின்னத் திடல் யாரும் மூடச் சொல்லாமலே மூடியது. தடைக்கு அஞ்சி நல்ல குதிரைகள் வராமல் போனால் பந்தயம் எங்கே?

3. உரிமச் சட்டம். 1879-ஆம் ஆண்டுச் சட்டப்படி லண்டனின் சேரிங் கிராஸிலிருந்து 10 மைலுக்குள் உரிமம் இல்லாமல் பந்தயம் நடத்த முடியாது. ரயில் ஏறி வந்த நகரக் கூட்டம், ஜேப்படி, அடிதடி பற்றிய புகார்களே காரணம். லண்டனைச் சுற்றிய சிற்றூர்களில் முளைத்திருந்த திடல்களுக்கு இதுவே முடிவானது.

ஒரு கிளப், மூன்று திடல்

ஆல்ட்ஸ்வொர்த் கிளாஸ்டர்ஷயரில் உள்ள சிற்றூர். 'பைபரி பந்தயம்' என்று பெயர் பெற்றது உண்மையில் நடந்தது இந்த ஊர் மேட்டில். பைபரி கிளப்பின் வேர் 1681-ஐத் தொடுகிறது. அந்த ஆண்டு பாராளுமன்றம் ஆக்ஸ்ஃபோர்டில் கூடியதால், இரண்டாம் சார்லஸ் மன்னர் நியூமார்க்கெட் வசந்தப் பந்தயத்தை அருகிலிருந்த பர்ஃபோர்டுக்கு மாற்றினார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசரும் ஆல்ட்ஸ்வொர்த் பந்தயங்களுக்கு வந்து போனவர். கூலி வாங்காமல் தாமே ஓட்டும் கனவான்களுக்கான பந்தயம் என்பது அதன் சிறப்பு.

ஆனால் கிளப் நகரக்கூடியது, நிலம் நகராது. 1831-இல் கிளப் ஹாம்ப்ஷயரின் ஸ்டாக்பிரிட்ஜுக்குப் போனது. ஆல்ட்ஸ்வொர்த்தின் பெருமை அத்தோடு முடிந்தது. ஸ்டாக்பிரிட்ஜும் 1898-இல் மூடியது. ஓடுபாதையை விதிப்படி நீட்டக் கூடுதல் நிலம் தேவைப்பட்டது. சூதாட்டத்தை வெறுத்த நில உரிமையாளர் அதைத் தர மறுத்துவிட்டார். கிளப் சாலிஸ்பரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டாக்பிரிட்ஜில் பார்வையாளர் மாடத்தின் இடிபாடு மட்டும் நிற்கிறது. வடக்கு யார்க்ஷயரின் ரிச்மண்ட் நகரத் திடலும் இதே காலத்தில், 1891-இல், வளைவுகள் ஆபத்தானவை என்று கைவிடப்பட்டது.

20-ஆம் நூற்றாண்டின் மிச்சம்

1891-இல் திறந்த கேட்விக் திடல் முதல் உலகப் போரின்போது கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற தடைதாண்டும் பந்தயத்துக்கு மாற்றான பந்தயத்தை 1916 முதல் 1918 வரை நடத்தியது. 1940-இல் மூடிய அந்த நிலத்தின் மேல்தான் இன்றைய கேட்விக் விமான நிலையம் விரிந்திருக்கிறது. 1961-இல் பந்தயம் கட்டும் கடைகள் சட்டபூர்வமாயின, அவற்றின் வரவிலிருந்து திடல்களுக்கு உதவ வரி வாரியம் அமைந்தது. வாரியம் தன் உதவியைச் சில திடல்களுக்கு நிறுத்திக்கொண்டபோது லிங்கனும் லூயிஸும் 1964-இல் மூடின.

விதிவிலக்காக நிற்பது கிழக்கு யார்க்ஷயரின் கிப்லிங்கோட்ஸ் டெர்பி. 1519-இல் தொடங்கியதாக மரபு. மார்ச் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை, சேற்றுப் பாதையிலும் சாலையோரத்திலும் சுமார் 4 மைல். இரண்டாவதாக வருபவருக்கு நுழைவுத்தொகை முழுவதும் போவதால், சில ஆண்டுகளில் வென்றவரைவிட அவருக்கே அதிகம் கிடைக்கும். ஓர் ஆண்டு தவறினாலும் பந்தயம் நிரந்தரமாக முடிந்துவிடும் என்பது விதி. 1947-இன் கடும் பனியில் ஒரு விவசாயி தன் ஒற்றைக் குதிரையைக் கையில் பிடித்து நடத்திச் சென்று அதைக் காப்பாற்றினார். இது பிழைத்ததற்கு முக்கியக் காரணம், இதற்குத் திடலே இல்லை என்பதுதான். பாதையோரத்தை யாரும் உழ முடியாது, விற்கவும் முடியாது.

மறைந்த திடலைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. அச்சான பந்தயப் பட்டியல்களில் ஊர்ப் பெயரையும் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஓர் ஊரின் பெயராகவும் திடல் பக்கத்துக் கிராமத்தின் எல்லையிலும் இருக்கலாம், பைபரியைப் போல.

2. அதே ஆண்டுகளின் உள்ளூர்ச் செய்தித்தாள் அறிவிப்புகளைத் தேடுங்கள். பதிவு நடந்த விடுதியின் பெயர் கிடைத்தால் திடல் பெரும்பாலும் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான்.

3. பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் 19-ஆம் நூற்றாண்டு ஆறங்குலப் படத்தில் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வளைந்த இரட்டைப் புள்ளிக்கோட்டைத் தேடுங்கள். 'வெற்றிக் கம்பம்', 'தூரக் கம்பம்' என்ற குறிப்புகள் சில படங்களில் எழுதியே இருக்கும்.

4. தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரும் வழக்கம் பற்றிய 1836-ஆம் ஆண்டுத் தசமபாகச் சட்டத்தை ஒட்டி வரைந்த ஊர்ப் படங்களில் வயலுக்கு வயல் பெயர் உண்டு. படத்தில் திடல் மறைந்த பிறகும் வயல் பெயரில் அது தங்கியிருக்கும்.

5. லைடார் எனும் லேசர் அளவீட்டுத் தரவு இங்கிலாந்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளத்தின் குறுக்கே மண் நிரப்பிய பாலம், சரிவில் வெட்டிச் சமன் செய்த பட்டை, காரணமில்லாமல் வளையும் புதர்வேலி ஆகியவை ஓடுபாதையின் அடையாளங்கள்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. பயிற்சிப் பாதைகளும் படத்தில் இதே போல நீண்ட பட்டையாகத் தெரியும். அவை பெரும்பாலும் ஒரே திசையில் ஏறும், வெற்றிக் கம்பமோ தராசுக்கு இடமோ இருக்காது. இரண்டாவது, பட்டியலில் பெயர் இல்லை என்பதால் பந்தயமே நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. செனியின் 10 பவுண்டு வரம்புக்குக் கீழே ஓடிய குதிரைகள் அவர் பட்டியலில் ஏறவில்லை. அந்த ஊர்களுக்குத் தேவாலயக் கணக்கு, நிலக்கிழாரின் செலவேடு, விடுதிக்காரரின் பற்றுவரவு ஆகியவற்றில்தான் தேட வேண்டும். கோப்பைக்கோ சேணத்துக்கோ கொடுத்த சந்தா ஒரே வரியாக அங்கே பதிவாகியிருக்கக்கூடும்.